இசையமைப்பைத் தொழிலாக்குவது எப்படி: முதல் மெட்டிலிருந்து உரிமைப் பத்திரம் வரை

1761ஆம் ஆண்டு மே 1 அன்று எஸ்டர்ஹாசி பிரபுவின் அரண்மனையில் துணை இசைத்தலைவராகச் சேர்ந்தார் இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன். வயது 29. நிலையான சம்பளம், எழுதியதை உடனே வாசித்துக் காட்ட ஒரு வாத்தியக் குழு, கூடவே மரியாதை. யாருக்கும் ஆசை வரும் வேலை. ஆனால் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. அவர் எழுதும் இசை பிரபுவின் பயன்பாட்டுக்கு மட்டுமே; வெளியாருக்குத் தரக் கூடாது; படியெடுக்க விடக் கூடாது; அனுமதியில்லாமல் வேறு யாருக்கும் எழுதக் கூடாது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1779இல் புது ஒப்பந்தம் போட்டபோது அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வியன்னாவின் அர்தாரியா பதிப்பகம் அவருடைய படைப்புகளை அச்சிடத் தொடங்கியது. 1790களில் இரண்டு முறை லண்டன் சென்று பெரும் புகழும் பணமும் ஈட்டினார். அவருடைய திறமை 1778இல் ஒன்றாகவும் 1780இல் வேறாகவும் இருக்கவில்லை. காகிதத்தில் சில வரிகள் மாறின, அவ்வளவுதான்.

இசையமைப்பைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நல்ல இசையை உரிய நேரத்தில் முடித்துக் கொடுப்பது ஒரு திறமை. முடித்துக் கொடுத்த இசையின் மீது உங்களுக்கு என்ன உரிமை மிஞ்சுகிறது என்று பார்ப்பது இன்னொரு திறமை. முதலாவதைப் பல ஆண்டுகள் பயில்கிறோம். இரண்டாவதை யாரும் கற்றுத் தருவதில்லை. இந்த வழிகாட்டியில் இரண்டையும் செய்ய வேண்டிய வரிசையில் எழுதியிருக்கிறேன்.

படி 1: முடிக்கப் பழகுங்கள்

இசை தெரிந்தவர்கள் ஏராளம். முழுதாக முடித்த பத்து உருப்படிகளைக் கையில் வைத்திருப்பவர்கள் குறைவு. கணினியைத் திறந்தால் எட்டு பார் (தாளச் சுற்று) நீளத்தில் அழகான தொடக்கங்கள் நூறு கிடக்கும். அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் எல்லாம் பாதியில் நிற்கும். தொடக்கத்துக்கு யாரும் பணம் தருவதில்லை.

முதல் ஆறு மாதங்களுக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒன்று, 60 முதல் 90 விநாடி நீளத்தில், தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உள்ள ஓர் இசைத்துண்டு. வாரக் கடைசியில் அது எந்த நிலையில் இருந்தாலும் ஒலிக்கலவை செய்து, பெயரிட்டு, கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். மறு வாரம் அதைத் தொடாதீர்கள். ஆறு மாதத்தில் 26 உருப்படிகள் சேரும். அவற்றில் நான்கைந்து நன்றாக இருந்தாலே போதும். மற்றவை உங்கள் பயிற்சிக்கான கூலி.

முடிவை எழுதுவதில் தனிக் கவனம் வையுங்கள். ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முடிப்பதைப் படத்தொகுப்பாளரே செய்துகொள்வார். அதற்கு நீங்கள் தேவையில்லை. கடைசிச் சுரம் தெளிவாக விழுந்து, அதன் ரீங்காரம் இரண்டு மூன்று விநாடி தானாக அடங்கும் முடிவுதான் அவருக்குப் பயன்படும்.

கூடவே, கேட்டு எழுதும் பழக்கம். சிறுவன் செபாஸ்டியன் பாக், அண்ணன் பூட்டி வைத்திருந்த இசைத்தாள்களை இரவில் நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து படியெடுத்தான் என்று அவருடைய இரங்கல் குறிப்பு சொல்கிறது. அந்த வழியைவிடச் சிறந்த பள்ளிக்கூடத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. வாரத்துக்கு முப்பது விநாடி இசையை எழுதினால் போதும். முதலில் அடிநாதத்தை (பேஸ்) எழுதுங்கள், பிறகு மேலே ஓடும் மெட்டை, கடைசியில் நடுவில் இருப்பவற்றை. எந்த வாத்தியம் எந்தப் பாரில் நுழைகிறது என்பதைக் குறிப்பவர்கள் பலர். எது எந்தப் பாரில் ஓய்ந்துவிடுகிறது என்பதையும் குறியுங்கள். வாத்தியங்களைக் கூட்டுவதைவிட விலக்குவதில்தான் தேர்ந்தவர் யார் என்று தெரியும்.

கருவிகளைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. ஏதாவது ஒரு இசை மென்பொருள், ஒரு கீபோர்ட், நல்ல ஹெட்போன். ஓர் ஆண்டுக்கு மென்பொருளை மாற்றாதீர்கள். 1983இல் வந்த மிடி என்ற பொது மொழியைத்தான் எல்லா மென்பொருளும் இன்றும் பேசுகின்றன. ஆகவே ஒன்றில் கற்றது வீண்போகாது.

காது விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது பணியிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டே மணி நேரம். பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவில் வைத்து வேலை செய்யுங்கள். போன செவித்திறன் திரும்பாது.

படி 2: பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இசையமைப்பாளர் என்றதும் திரைப்படம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. தொழில் அதைவிட அகலமானது. குறும்படம், ஆவணப்படம், தொடர்களுக்கான பின்னணி இசை, விளம்பரம், கணினி விளையாட்டு, இசை நூலகங்கள், பாடகர்களுக்கு வாத்திய ஏற்பாடு செய்து தருவது, நாடகமும் நடனமும், பயிற்றுவிப்பது, இசைத்தாள் விற்பது. ஒவ்வொன்றுக்கும் பழக்கவழக்கம் வேறு.

இவற்றில் இரண்டைப் பற்றிப் பலருக்கும் சரியாகத் தெரிவதில்லை. ஒன்று, இசை நூலகம். படம் எடுப்பவர்கள் தேவைக்கேற்ப எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே ஆயத்த நிலையில் வைத்திருக்கும் தொகுப்பு அது. அங்கே ஓர் உருப்படி என்பது ஒரு கோப்பு அல்ல. முழு வடிவம், 60, 30, 15 விநாடி வடிவங்கள், மெட்டு இல்லாத வடிவம், தாளம் இல்லாத வடிவம் என்று ஆறேழு தர வேண்டும். பேச்சுக்கு அடியில் ஓடுவதற்கு மெட்டில்லாத வடிவத்தையே அதிகம் எடுப்பார்கள். வருமானம் மெதுவாக, ஆண்டுகள் கழித்து வரும். பொறுமை இருப்பவர்களுக்கு நல்ல நிலம்.

இன்னொன்று கணினி விளையாட்டு. அங்கே காலம் உங்கள் கையில் இல்லை. ஆட்டக்காரர் ஓர் அறையில் பத்து விநாடியும் நிற்பார், பத்து நிமிடமும் நிற்பார். ஆகவே அலுக்காமல் சுழலும்படியும், ஆபத்து கூடும்போது அடுக்குகள் ஒவ்வொன்றாகச் சேரும்படியும் இசையைக் கட்ட வேண்டும். எஃப்மாட், வைஸ் போன்ற, இசையை விளையாட்டோடு இணைக்கும் இடைநிலை மென்பொருள்களில் ஒன்றைக் கற்றுக்கொண்டால் வாய்ப்புக் கேட்கப் போகும்போதே ஒரு படி முன்னால் நிற்பீர்கள்.

ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். மாத வருமானத்துக்கு வேறு ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அது இசையாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 41 வயது வரை டாக்சி ஓட்டியும் குழாய் வேலை பார்த்தும் பிழைத்தவர். வாடகைக்காக எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டிய நிலை இல்லாதவருக்குத்தான் பேரம் பேசும் வலு இருக்கும். பகல் வேலையை விடுவதை வீரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 3: மாதிரித் தொகுப்பு

மூன்று உருப்படிகள். மொத்தம் மூன்று நிமிடம். கேட்பவர் முதல் பத்து விநாடியிலேயே முடிவு செய்துவிடுவார் என்பதால் நீண்ட முன்னுரை இசை வேண்டாம். மூன்றும் ஒரே துறைக்கானவையாக இருக்கட்டும். எல்லாம் தெரியும் என்று காட்டினால் எதற்கு அழைப்பது என்று அவருக்குத் தெரியாது.

வெளிவந்த படத்தின் காட்சியை எடுத்து அதற்கு உங்கள் இசையைப் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஆனால் அனுமதி இல்லாமல் அதைப் பொதுவில் போடாதீர்கள். திரைப்பட மாணவர்களிடம் போங்கள். அவர்களுக்கு இசை வேண்டும், உங்களுக்குக் காட்சி வேண்டும். அவர்களில் சிலர் பத்து ஆண்டு கழித்துப் பெரிய படம் எடுப்பார்கள். அப்போது அவர்களுக்கு நினைவுக்கு வருவது கூடவே வளர்ந்த உங்கள் முகம்தான்.

படி 4: முதல் வேலையைச் செய்வது

இயக்குநர் பேசுவது இசை மொழியில் இருக்காது. "கொஞ்சம் சூடாக", "அவ்வளவு சோகம் வேண்டாம்" என்பார். கணினி இயக்க முறைமை ஒன்றின் தொடக்க ஒலியை அமைக்க இசையமைப்பாளர் பிரையன் ஈனோவை அழைத்தபோது, ஏறத்தாழ 150 பெயரடைகளை அடுக்கி, எல்லாம் 3¼ விநாடிக்குள் வேண்டும் என்று கேட்டார்களாம். 84 மாதிரிகள் செய்ததாக அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பெயரடைகளோடு சண்டை போடாதீர்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். இந்த இடத்தில் பார்ப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? பாத்திரத்துக்குத் தெரிவதற்கு முன்பா, பின்பா? இசை எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும், எந்தப் பார்வையில் நிற்க வேண்டும்? இப்படிக் கேட்டால் பதில்கள் விநாடிக் கணக்கோடு வரும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். 72 விநாடி. காலியான வீட்டில் ஒரு பெண் நடக்கிறாள். 32ஆவது விநாடியில் கதவு திறக்கிறது. அந்தக் கணத்தில் இசை மாற வேண்டும். டெம்போ நிமிடத்துக்கு 90 அடி என்று வைத்தால் 32 விநாடியில் சரியாக 48 அடிகள். நான்கு அடிக்கு ஒரு பார் என்றால் 12 பார்கள். கதவு 13ஆவது பாரின் முதல் அடியில் திறக்கும். நான்கு நான்கு பார்களாக மூன்று வாக்கியம் முடிந்து, இசையும் இயல்பாக மூச்சு விடும் இடம் அது. 89 அல்லது 92 வைத்திருந்தால் கதவு அந்த இடத்துக்குச் சற்று முன்போ பின்போ திறந்து, கேட்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ உறுத்தும்.

இரண்டு நாள் கழித்துப் படத்தொகுப்பாளர் தொடக்கத்தில் இரண்டு விநாடியை வெட்டிவிட்டேன் என்பார். கதவு இப்போது 30ஆவது விநாடியில். பதற வேண்டாம். டெம்போவை 96 ஆக்குங்கள். 48 அடிகள் சரியாக 30 விநாடியில் முடியும். ஒரு சுரம்கூட மாறாது. ஐந்து விநாடி வெட்டியிருந்தால் கதை வேறு. 27 விநாடிக்குள் 48 அடி என்றால் 106க்கு மேல் ஓட வேண்டும். அந்தப் பெண்ணின் நடையே மாறிவிடும். அப்போது நடு வாக்கியத்தில் ஒரு பாரை எடுத்துவிடுங்கள். 44 அடி, டெம்போ ஏறத்தாழ 97.8. நடை காப்பாற்றப்படும். மெட்டை எழுதும்போதே எந்தப் பாரை எடுத்தாலும் உடையாது என்று மனத்தில் குறித்து வைத்துக்கொள்வது பழகப் பழக வந்துவிடும்.

அடி கதவின் மீது சரியாக விழ வேண்டுமா என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஓரிரு பிரேம் தாமதமாக விழுந்தால் நன்றாக இருக்கிறது. நொடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு பிரேம் 42 மில்லிவிநாடி. முதலில் கண் பார்க்கட்டும், பிறகு இசை பேசட்டும். முன்னால் விழுந்தால் இசை காட்சியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படத்தொகுப்பின்போது தற்காலிகமாக வேறு இசையை ஒட்டி வைத்திருப்பார்கள். அதையே கேட்டுக் கேட்டு இயக்குநரின் காது அதற்குப் பழகியிருக்கும். அதில் அவருக்குப் பிடித்தது வேகமா, வாத்தியமா, தொடங்கும் இடமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் தொடங்கும் இடம்தான். அதை வைத்துக்கொண்டு மற்றதை உங்களுடையதாக எழுதலாம். மெட்டை "அதைப் போலவே" செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; வழக்கு வந்தால் நிற்கப்போவது நீங்கள்தான்.

படி 5: எவ்வளவு கேட்பது

கூச்சத்தால் நாம் இழக்கும் பணம் கொஞ்சமல்ல. முதலில் உங்கள் நேரத்தை அளந்து பாருங்கள். ஒரு நிமிடம் முடித்த இசைக்கு, பேச்சு, எழுத்து, ஒலிப்பதிவு, திருத்தம், கோப்பு அனுப்புவது எல்லாம் சேர்த்து எத்தனை மணி நேரம்? ஐந்து வேலைகளுக்குக் குறித்து வைத்தால் உங்கள் சராசரி தெரியும்.

பிறகு ஆண்டுக் கணக்கு. வாரம் 40 மணி, 48 வாரம் என்றால் 1,920 மணி நேரம். இதில் பாதியாவது வேலை தேடுவதிலும் கணக்கெழுதுவதிலும் கற்றுக்கொள்வதிலும் போகும். மிஞ்சும் 960 மணி நேரத்தில்தான் வீட்டுச் செலவு, கருவி, வரி, சேமிப்பு எல்லாம் ஈடுகட்டப்பட வேண்டும். உங்கள் ஆண்டுத் தேவையை 960ஆல் வகுத்தால் வரும் தொகைக்குக் கீழே போகாதீர்கள். போகிறீர்கள் என்றால், ஈடாக என்ன வாங்கிக்கொள்கிறீர்கள் என்று தெரிந்து போங்கள். பணம் இல்லாதவரிடம் உரிமையைக் கேட்கலாம். தொடக்கத்தில் செய்த ஒரு தவறுக்குப் பிறகு, நான் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்ட வேலைகளில் எல்லாம் உரிமையை என்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று பேசினால் வாத்தியக் கலைஞர்கள், ஒலிப்பதிவுக் கூடம், ஒலிக்கலவை எல்லாம் அதற்குள் அடங்கும். செலவு கூடினால் உங்கள் கையிலிருந்து போகும். உங்கள் படைப்புக் கட்டணத்தைத் தனியாகவும் தயாரிப்புச் செலவைத் தனியாகவும் எழுதிக் கொடுங்கள். பாதி முன்பணம் வந்தபிறகு தொடங்குங்கள். இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்தில் அடக்கம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம் என்று முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் அது சண்டையாகத் தெரியும்.

படி 6: உரிமை

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

ஓர் இசைக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் அமைப்பும் ஒன்று, அது இசைப்படைப்பு. அதை வாசித்துப் பதிந்த ஒலி இன்னொன்று, அது ஒலிப்பதிவு. யாரோ உங்கள் மெட்டை வேறு குரலில் பாடிப் பதிந்தால் ஒலிப்பதிவு அவர்களுடையது, படைப்பு உங்களுடையது. உங்கள் பதிவையே ஒரு விளம்பரத்தில் வைக்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தில் "இசை" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

படைப்பு உருவானதுமே பதிப்புரிமையும் உருவாகிறது. 1886இல் பிறந்து, இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கும் பெர்ன் உடன்படிக்கையின்படி, பதிவு செய்தால்தான் உரிமை என்ற நிபந்தனை கிடையாது. பதிவு செய்வது நீதிமன்றத்தில் சான்றாக உதவும். பொதுவான குறைந்தபட்சக் காலம் படைத்தவரின் ஆயுளும் அதன்பின் 50 ஆண்டுகளும். பல நாடுகள் இதைவிட நீளமாகவே தருகின்றன. பேரப்பிள்ளைகள் வரை போகக்கூடிய சொத்து. அதைத்தான் சிலர் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அப்படிக் கொடுத்தவன் நானும். தொடக்க காலத்தில் ஒரு குறும்படத்துக்கு இசையமைத்துவிட்டு, "எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று நட்பில் எழுதினேன். இரண்டு ஆண்டு கழித்து அதே மெட்டு ஒரு பொருளின் விளம்பரத்தில் ஒலித்தது. கேட்டபோது என் மின்னஞ்சலையே எனக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த மெட்டை இன்று என்னால் எங்கும் பயன்படுத்த முடியாது. மனம் இன்னும் ஆறவில்லை.

உரிமையை முழுதாக எழுதிக் கொடுப்பது வேறு, பயன்படுத்த அனுமதி தருவது வேறு. முடிந்தவரை அனுமதியாகவே கொடுங்கள். அதில் ஐந்து கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்: எந்தப் படைப்பில், எந்த ஊடகங்களில், எந்த நாடுகளில், எத்தனை காலத்துக்கு, அவர்களுக்கு மட்டுமா பிறருக்கும் தரலாமா. முழு உரிமையும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் தொகை பல மடங்கு உயர வேண்டும். அப்போதும் இசை பொதுவில் ஒலிக்கும்போது வரும் பொது நிகழ்த்து உரிமைத் தொகையில் படைப்பாளர் பங்கு உங்களுக்கே வரும் என்று எழுதி வாங்குங்கள். சில நாட்டுச் சட்டங்களில் கூலிக்குச் செய்த படைப்பு என்ற வகை உண்டு. அந்தச் சொற்றொடர் ஒப்பந்தத்தில் இருந்தால் சட்டப்படி படைத்தவரே நீங்கள் இல்லை என்று ஆகிவிடலாம். அங்கே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஒரு மணி நேரக் கட்டணம்தான்.

இப்போது புதிதாக ஒரு பிரிவும் சேர வேண்டும். உங்கள் இசையைச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தலாமா, கூடாதா என்பது. மௌனமாக விட்டால் பின்னால் யாருக்கு எது வசதியோ அப்படிப் பொருள் சொல்வார்கள்.

பொது நிகழ்த்து உரிமை எப்படி வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1847இல் பாரிஸின் ஒரு காபிக்கடையில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய பாடல்களையே அங்கே வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாடலுக்கு நீங்கள் பணம் தரவில்லை, குடித்ததற்கு நாங்களும் தர மாட்டோம் என்று பில்லைக் கட்ட மறுத்தார்கள். நீதிமன்றம் படைப்பாளர் பக்கம் நின்றது. அதன் விளைவாக 1851இல் சாசெம் என்ற உரிமை வசூல் சங்கம் பிறந்தது. இன்று பெரும்பாலான நாடுகளில் அத்தகைய சங்கம் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒப்பந்தமும் வைத்திருக்கின்றன. ஒளிபரப்பு, அரங்கம், கடை, இணையம் என்று உங்கள் இசை ஒலிக்கும் இடங்களிலிருந்து அவை வசூலிக்கின்றன. நீங்கள் உறுப்பினராகி, படைப்பைப் பதிவு செய்திருந்தால்தான் பங்கு வந்து சேரும்.

கூட்டாக எழுதினால் பங்கீட்டை அன்றே எழுதிவிடுங்கள். ஒரு தாள் போதும். உருப்படியின் பெயர், தேதி, யார் மெட்டு, யார் வரிகள், யார் தாளக்கட்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு, கூட்டினால் 100, கீழே கையெழுத்து. பாட்டு வெற்றிபெறும் முன் இதைப் பேச ஐந்து நிமிடம் ஆகும். வெற்றிபெற்ற பின் நட்பே முறிந்துபோகலாம். வாசித்த கலைஞர்களிடமும் ஊதியம் பெற்றுக்கொண்டதாகவும் பதிவைப் பயன்படுத்தச் சம்மதம் என்றும் ஒரு வரி வாங்கி வையுங்கள். அவர்களுக்குத் தர வேண்டியதை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நாம் மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது அதைத்தானே.

படி 7: ஒப்படைப்பது

காட்சிக்கான இசையை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் கொடுங்கள். முழுக் கலவையோடு கூட, தாளம், அடிநாதம், நரம்பு வாத்தியம், மெட்டு, குரல் என்று பிரித்த ஸ்டெம்களும் வேண்டும். எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே காட்சி எண், பதிப்பு எண், டெம்போ இருக்கட்டும். "கடைசி", "கடைசியிலும் கடைசி" என்று பெயரிடாதீர்கள்.

ஒலி அளவைப் போட்டி போட்டு ஏற்றாதீர்கள். ஐரோப்பிய ஒளிபரப்பின் இலக்கு மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (கேட்கும் உரப்பின் அலகு). ஸ்பாட்டிஃபை போன்ற தளம் மைனஸ் 14ஐ ஒட்டிச் சமன் செய்கிறது. நீங்கள் நசுக்கி ஏற்றியதை அவர்கள் இறக்கிவிடுவார்கள். நசுங்கியது மட்டும் மிஞ்சும்.

உங்களிடம் இருக்கும் வேலைக் கோப்பை நம்பி இருக்காதீர்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு கோப்பைத் திறந்தபோது, அதில் புல்லாங்குழலாக ஒலித்த மென்பொருள் புதிய கணினியில் ஓடவில்லை. ஸ்டெம் எடுத்து வைத்திருந்ததால் தப்பினேன். ஒவ்வொரு தடத்தையும் வெறும் ஒலிக்கோப்பாக எடுத்து, வேறு வேறு இடங்களில் இரண்டு நகல் வைத்திருங்கள்.

படி 8: உங்கள் இசைக்கு ஒரு பேரேடு

பதிப்பகங்கள் பேரேடு வைத்துத்தான் பணம் பார்க்கின்றன. நீங்களும் ஒரு பதிப்பகம்தான். ஒரு விரிதாள் திறந்து ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு வரிசை கொடுங்கள். பெயர், நாள், டெம்போ, ஸ்ருதி, மனநிலை, பங்காளிகளும் விழுக்காடும், யாருக்கு எந்த அனுமதி, எப்போது முடிகிறது, ஸ்டெம்கள் எங்கே இருக்கின்றன. கூடவே இரண்டு எண்கள். படைப்புக்கு ஐஎஸ்டபிள்யுசி, உரிமைச் சங்கத்தில் பதிவு செய்யும்போது கிடைக்கும். ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி, பன்னிரண்டு எழுத்துகள் கொண்டது, வெளியிடும்போது கிடைக்கும். ஒரே படைப்புக்குப் பத்துப் பதிவுகள் இருந்தால் முதல் எண் ஒன்று, இரண்டாவது எண்கள் பத்து.

படமோ தொடரோ முடிந்ததும் கியூ ஷீட் தயாராகிவிட்டதா என்று கேட்டு வாங்குங்கள். எந்த இசை, எத்தனை விநாடி, பின்னணியா முன்னணியா, யார் எழுதியது என்ற பட்டியல் அது. அதில் உங்கள் பெயர் விடுபட்டால் எத்தனை நாட்டில் ஒளிபரப்பானாலும் தொகை உங்களைத் தேடி வராது. தயாரிப்பாளருக்கு இது சிறு வேலை, மறந்துவிடுவார். நீங்களே நிரப்பி அனுப்பினால் நன்றி சொல்வார்.

பிறர் காணொளிகளில் உங்கள் இசை ஒலித்தால் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் இசையைப் பதிய நினைத்தால், அதில் உள்ள ஒலிகள் முழுக்க உங்களுடையவையா என்று பாருங்கள். விலைக்கு வாங்கிய லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஆயத்த ஒலித்துண்டு) ஒன்று வெளிப்படையாக ஓடினால், அதே லூப்பை வாங்கிய நூறு பேரின் படைப்பும் உங்களுடையது என்று இயந்திரம் நினைத்துக்கொள்ளும். அந்தத் தவறுக்குப் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. வரும் ஒவ்வொரு தொகையிலும் வரிக்கான பங்கை அன்றே ஒதுக்குவது. இதற்கு மேல் கணக்கைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை.

படி 9: ஆட்களைச் சேர்ப்பது

1733இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் டெலிமான் தன் விருந்து இசைத் தொகுப்பை வெளியிடும் முன்பே சந்தாதாரர்களைத் திரட்டினார். 206 பேர் சேர்ந்தார்கள். லண்டனிலிருந்து ஹாண்டலும் ஒருவர். அச்சுத் தகடுகளைத் தானே செதுக்கிய மனிதர் டெலிமான். வெளியிடும் செலவு, விற்காமல் போகும் பயம் இரண்டையும் ஒரே அடியில் தீர்த்துக்கொண்டார். இன்றைக்கும் அதே வழி திறந்திருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்வதைவிட, அடுத்த படைப்பு வந்தால் சொல்லுங்கள் என்று முகவரி தந்த இருநூறு பேர் பெரிய பலம். அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும். ஏதோ ஒரு தளத்தின் கையில் விடாதீர்கள்.

கிளாஸ் 1968இல் தனக்கென்று ஒரு வாத்தியக் குழு அமைத்தார். அந்த இசையைக் கேட்க வேண்டும் என்றால் அந்தக் குழுவைத்தான் அழைக்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கினார். பின்னால் தன் படைப்புகளுக்குத் தானே பதிப்பகமும் நடத்தினார். எழுதுபவர், வாசிப்பவர், பதிப்பிப்பவர் மூவரும் ஒருவரே என்றால் பங்கு பிரிவதில்லை.

வேலை கேட்டு எழுதும் மடல் நான்கு வரியில் முடியட்டும். அவர் எடுத்த படத்தில் எந்த இடம் உங்களைத் தொட்டது என்று ஒரு வரி, உண்மையாக. நீங்கள் யார் என்று ஒரு வரி. அவருடைய அடுத்த வேலைக்குப் பொருந்தும் ஒரே ஓர் உருப்படிக்கு இணைப்பு. மூன்று வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுவேன் என்று ஒரு வரி. சொன்னபடி நினைவூட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாதம் பத்து மடல். பதில் வராதது உங்கள் இசைக்கான தீர்ப்பு அல்ல. அந்த வாரம் அவருக்கு இசை தேவைப்படவில்லை, அவ்வளவே.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், பேரேட்டிலிருந்து. இன்றிரவே அந்த விரிதாளைத் திறந்து, இதுவரை முடித்தவற்றை எல்லாம் எழுதுங்கள். யார் கூட எழுதினார், யார் வாசித்தார், யாருக்கு என்ன அனுமதி கொடுத்தீர்கள் என்ற கட்டங்களில் பல காலியாக இருக்கும். காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரே ஒரு பெயரை எழுதுங்கள். நாளை காலை தொலைபேசியில் அழைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.